வயர்மேனும் என் இடது கெண்டைக்காலும்

ஈப்போவில் பதினெட்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். கொட்டுகிற மழையில் பள்ளி வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து கைப்பேசி பார்க்கும் அப்பாக்களைப் பார்த்தவள். பின் சீட்டில் வாந்தி எடுத்துவிட்டு "நான் இல்ல ஆண்டி" என்று சத்தியம் செய்யும் பிள்ளைகளைப் பார்த்தவள். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்: பேராக் மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும், வயர்மேனைப் போல என் பொறுமையைச் சோதித்த இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார்.

வயர்மேன் என்பது அவர் செய்த வேலை. சொந்தப் பெயர் என்னவென்று எங்கள் அடுக்குமாடியில் யாரும் கேட்டதில்லை. சுங்காய் பக்கத்தில் ஒரு கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்துக்கு மின்சாரம் பார்த்தவர். கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள், ஆட்கள் குறைந்தார்கள், இவரும் மனைவி ராஜி அக்காவும் ஈப்போவுக்கு வந்து எங்கள் பிளாக்கில் மூன்றாம் மாடியில் குடியேறினார்கள். நான் நான்காம் மாடி. அவர்கள் வீட்டுக்கு நேர் மேலே.

மேலே இருந்தாலும் தப்பிக்க முடியாது. என் வாஷிங் மெஷின் சுற்றும் சத்தத்தை வைத்தே கீழேயிருந்து கத்துவார்.

"தங்கச்சி! பேரிங் போச்சு! துணிய எடுத்துரு!"

"நல்லாத்தாண்ணே ஓடுது!"

"இன்னும் ரெண்டு நாளைக்கு ஓடும்!"

சரியாக இரண்டாம் நாள் நின்றுபோகும். அவர் சொன்னது தப்பாகப் போயிருந்தாலாவது ஒரு ஆறுதல் இருந்திருக்கும்.

பிளாக்கில் யார் வீட்டில் விளக்கு அணைந்தாலும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். கூலி வாங்கமாட்டார், அதற்குப் பதிலாகப் பாடம் எடுப்பார். ஒரு முறை பல்பு மாற்றக் கூப்பிட்டேன். ஏணியில் ஏறியவர் இறங்கவே இல்லை. என் வீட்டு வயரிங்கில் உள்ள குறைகள், அதைச் செய்தவனுடைய குணம், அவனுக்கு லைசென்ஸ் கொடுத்தவனுடைய அறிவு என்று வரிசையாகப் போனார். கீழே டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கை மரத்து, கழுத்து சுளுக்கி, அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது. இறங்கியதும் மோந்து பார்த்து, "என்னா கருகுது? வயரா?" என்றார்.

இதெல்லாம் அவருக்கு வெளிச்சப் பைத்தியம் பிடிப்பதற்கு முன்னால்.

பைத்தியம் பிடித்த கதை இது. வாழ்நாள் முழுக்கக் கையைத் தூக்கி வேலை செய்ததில் அவருக்கு வலது தோளில் தசைப்பிடிப்பு. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண், டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியைத் தோளில் வைத்துச் சிவப்பு வெளிச்சம் காட்டினாள். வாரம் ஒன்றாக ஆறு தடவை போய் வந்தார். தோள் சரியாகிவிட்டது. நாற்பது வருடம் லைட்டுக்குச் சேவை செய்தவர் தோளுக்கு லைட்டே வந்து சேவை செய்துவிட்டது. மனிதருக்குச் சாமி வந்த மாதிரி ஆயிற்று.

"வெளிச்சம்தான் மருந்து தங்கச்சி. தோலுக்குள்ள போயி, சதையத் தட்டி எழுப்பி, எந்திரிச்சு வேலயப் பாருடான்னு சொல்லுது. மருந்து கிருந்துலாம் சும்மாலா."

பிரச்சினை என்னவென்றால் ராஜி அக்கா ஒரு மருந்தகத்தில் கவுண்டரில் நிற்பவர். வலிக்கும் வீக்கத்துக்கும் தடவுகிற ஜெல்லில் அவருக்கு இருக்கும் நம்பிக்கை பிள்ளையாரிடம்கூட இல்லை. அக்கா மாடிப்படி ஏறுவதற்கு முன்னால் ஜெல் வாசனை ஏறி வந்துவிடும்.

"லைட்டாம் லைட்டு," என்பார் என்னிடம். "அந்த ஆறு வாரமும் தினம் மூணு வேளை தோள்ல ஜெல்லு தேச்சு விட்டது யாரு? நான். குணமாச்சு. பேரு லைட்டுக்கு!"

ஆக, ஒரே தோள். அதைக் குணமாக்கியதாகச் சொல்லிக்கொள்பவர்கள் இரண்டு பேர். தோளும் நன்றாகிவிட்டதால் மறுபடி சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. இரண்டு வருடம் இந்த வழக்கு மூன்றாம் மாடியில் நடந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது இன்னொருவருடைய அடிபட்ட உடம்பு.

இதற்கிடையில் வயர்மேன் இணையத்தில் ஒரு சிறிய சிவப்பு விளக்கை வாங்கி, அது போதாதென்று தாமே ஒன்றைத் தயாரித்தார். ராஜி அக்கா தீபாவளிக்குக் கேக் சுடுகிற தட்டை எடுத்து, வரிசையாகத் துளை போட்டு, சின்னச் சின்ன பல்புகளைப் பதித்தார். பாதி பல்பு சிவப்பு. மீதிப் பாதி எரிவதே தெரியாது.

"இது பூராம் ரோசாக்கா கெடக்கேண்ணே?" என்று கேட்டேன். ரோசாக் என்றால் எங்கள் ஊரில் கெட்டுப்போனது.

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அதான் ஆழமாப் போறது."

"தெரியாததை எரியுதுன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

என் கைப்பேசியைப் பிடுங்கி, கேமராவைத் திறந்து தட்டுக்கு நேராகக் காட்டினார். எரியாத பல்பெல்லாம் திரையில் ஊதா நிறத்தில் எரிந்தன. நான் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவரிடம் வாயைக் கொடுத்த எல்லாருக்கும் கடைசியில் இதுதான் கதி.

அந்தத் தட்டைச் சன்னலோரம் மாட்டி வைத்துத் தோளைக் காட்டிக்கொண்டு உட்காருவார். வீடு முழுக்கச் சிவந்திருக்கும். ஒரு நாள் ஐந்தாம் மாடி சீனப் பாட்டி ஒருவர், உள்ளே ஏதோ சக்தியுள்ள சாமி இருக்கிறது என்று நினைத்து, கதவு வாசலில் இரண்டு ஆரஞ்சுப் பழமும் ஊதுபத்தியும் வைத்து லாட்டரிக்கு நான்கு இலக்க நம்பர் கேட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். வயர்மேன் கதவைத் திறந்து பார்த்தார். பழத்தை உரித்துத் தின்றார். மறுநாள் பாட்டியைத் தேடிப் போய் முழங்கால் வலி இருக்கிறதா என்று விசாரித்தார்.

அப்போதுதான் என் கால் கிழிந்தது.

குடியிருப்பாளர்களின் விளையாட்டு நாள். எங்கள் பிளாக்குக்கும் எதிர் பிளாக்குக்கும் கயிறு இழுக்கும் போட்டி. எதிர் பிளாக்கில் முன்னால் நின்றவர் சாப்பாட்டுக்கடை பாய். பரோட்டா மாவு பிசைந்தே தேக்கு மரம் போல ஆன கைகள். எங்கள் பக்கம் நான் நடுவில், எனக்குப் பின்னால் வயர்மேன். விசில் ஊதியதும் குதிகாலை ஊன்றி இழுத்தேன். இடது கெண்டைக்காலில் 'டப்' என்று ஓர் அடி.

"யார்றா காலுல கல்லால அடிச்சது?" என்று திரும்பினேன்.

"யாரும் அடிக்கல தங்கச்சி," என்றார் வயர்மேன், கயிற்றை விடாமல். "ஒன் சதை கிழிஞ்சிருச்சு. எனக்கே சத்தம் கேட்டுச்சு."

"ஐயோ!"

"விட்றாத! கிழிஞ்சது கிழிஞ்சிருச்சு, இன்னும் ரெண்டு அடிதான். இழு!"

போட்டியிலும் தோற்றோம். என்னை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கிளினிக் டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துத் தசைக் கிழிசல் என்றார். ஓய்வு, கட்டு, தடவ ஒரு ஜெல். "ரெண்டு வாரத்துக்கு கிளட்ச் மிதிக்கக் கூடாது."

டாக்டருக்கு அது ஒரு வாக்கியம். எனக்கு அது பிழைப்பு. என் வேன் பழசு. இடது கால் இல்லாமல் ஓர் அடி நகராது. வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். மகள் காம்பாரில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி வேனுக்குப் பிள்ளைகள் சேர வருடக்கணக்காகும். கலைய ஒரு வாரம் போதும். இன்னொரு வேன்காரர் சாமுவேல் அண்ணனிடம் கெஞ்சினேன். தன் வேனில் இரண்டு நடை ஓட்டி என் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்.

"ரெண்டு வாரம் தாஹான் பண்ணிச் சமாளிச்சிக்கிறேம்மா. அதுக்கு மேல எனக்கு முடியாதுலா."

அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலில் கணவனும் மனைவியும் நின்றார்கள். அக்கா கையில் ஜெல். அண்ணன் கையில் கேக் தட்டு. இரண்டு பேர் முகத்திலும் துக்கம் விசாரிக்க வந்தவர்களின் சாயல் கொஞ்சமும் இல்லை. கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"கவலப்படாத பரமே," என்றார் அக்கா, என் பெயரைச் சுருக்கி. "நான் மூணு வேளையும் வந்து தேச்சு விடறேன்."

"தேச்சா கிழிஞ்சது இன்னும் கிழியும். லைட்டு காட்டுனா தானா ஒட்டும்," என்றார் அண்ணன்.

"நான் அமுக்கித் தேய்க்கிறேன்னு சொன்னேனா? மெதுவாப் பூசுறது!"

"இப்படியே பேசிட்டிருந்தா முடிவு தெரியாது," என்று வயர்மேன் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "பண்ணிப் பாத்துருவோம். எலிக்கெல்லாம் இப்படித்தான் பண்ணிப் பாக்குறாங்க. போன்ல பாத்தேன்."

"நான் எலியாண்ணே?"

"எலி பேசாது. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

மறுப்பதற்குள் தரையில் உட்கார்ந்து, என் கெண்டைக்காலின் குறுக்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டார். கோட்டுக்கு மேலே வெளிச்சம். கோட்டுக்குக் கீழே ஜெல்.

"மேல என் ஏரியா. கீழ ஒன் ஏரியா. யாரும் தாண்டக் கூடாது," என்றார் மனைவியிடம்.

"வலி தாண்டினா?" என்று கேட்டேன்.

"எழுதி வைப்போம்."

அது அழியாத மார்க்கர் என்பதை அன்று குளிக்கும்போது தெரிந்துகொண்டேன்.

அடுத்த பதின்மூன்று நாள் என் வீடு என் வீடாக இல்லை. காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்படும். வயர்மேன் தையல்காரரின் டேப்பால் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் அளந்து, அந்த இடத்தில் காலின் சுற்றளவை எடுப்பார். நோட்டில் எழுதுவார். பிறகு விசாரணை.

"வலி பத்துக்கு எத்தனை?"

"ஆறு."

"மேல ஆறா, கீழ ஆறா?"

"ரெண்டும் சேந்துதாண்ணே."

"சேந்துலாம் கெடையாது. தனித்தனியாச் சொல்லு."

"ஆறரைன்னு போட்டுக்குங்க."

"அரைலாம் எழுத எடமில்ல. ஆறா ஏழா?"

பிறகு பத்து நிமிடம் வெளிச்சம். கண்ணுக்குக் கெடுதல் வரக் கூடாதென்று அவருடைய வெல்டிங் முகமூடியை எனக்கு மாட்டிவிடுவார். ஒரு நாள் நான் முகமூடி போட்டு, ஒரு காலை நாற்காலியில் நீட்டி, சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது பொட்டலம் கொண்டுவந்த ஆள் இரும்புக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். "வாங்க" என்று சொல்வதற்காக முகமூடியோடு திரும்பினேன். பொட்டலத்தைத் தரையில் போட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

வயர்மேன் போனதும் அக்கா வருவார். கோட்டுக்குக் கீழே நோகாமல் ஜெல் பூசுவார். பூசும்போதே, "கீழதானே நல்லாருக்கு? பயப்படாமச் சொல்லு," என்பார்.

நான் என்ன செய்வேன்? உண்மையில் வலி மேலே கீழே என்று பிரிந்து குடித்தனம் நடத்தவில்லை. ஆனால் ஒரு நாள் வாய் தவறி "கீழ மூணு, மேல நாலு" என்றேன். அன்று வயர்மேன் நோட்டை மூடி, கேக் தட்டை இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். பாவமாக இருந்தது. மறுநாள் "மேல மூணு" என்றேன். அது இன்னும் பெரிய தப்பு. மத்தியானம் வயர்மேன் காலித் தட்டோடு என் வாசலில் நின்றார்.

"ஒங்க அக்கா சமைக்கல. பேசவும் மாட்டேங்குறா."

நொண்டிக்கொண்டே முட்டை பொரித்துப் போட்டேன். தின்றுவிட்டு, "உப்பு கூட," என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் படியில் இறங்கியதும் மற்றவர் ஏறுவார். நான் நொண்டிக் காலோடு இரண்டு நாடுகளுக்கு நடுவில் தூது போய்க்கொண்டிருந்தேன். வெறுத்துப்போய் எண்களை நானே சமமாகக் குறைக்க ஆரம்பித்தேன். மேல மூணு, கீழ மூணு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. சண்டைக்கும் இடமில்லை, எனக்கும் சீக்கிரம் விடுதலை.

அந்தப் பொய் முதலில் முழுப் பொய்யாக இல்லை. வலி உண்மையிலேயே குறைந்துகொண்டு வந்தது. ஆனால் பன்னிரண்டாம் நாள் கெண்டைக்காலுக்குள் வேறு மாதிரி ஒரு கனம். பழைய வலி போல இழுக்கவில்லை. உள்ளே ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி விம்மியது. கொஞ்சம் நடந்ததால் இருக்கும் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று சொல்வதே சரி. திங்கட்கிழமை சாமுவேல் அண்ணன் கொடுத்த கெடு முடிகிறது. இன்றைக்கு நான்கு என்று சொன்னால் இந்த மனிதர் என்னை வேனில் ஏறவிடமாட்டார். "ரெண்டு," என்றேன். பதின்மூன்றாம் நாளும் "ரெண்டு" என்றேன்.

பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை. வயர்மேன் டேப்பை எடுத்தார். அளந்தார். மறுபடி அளந்தார். என் வலது காலையும் அளந்தார். அதை அவர் முன்பு செய்ததே இல்லை.

"குறஞ்சிட்டே வந்துச்சு தங்கச்சி. முந்தாநாள்லேருந்து ஏறுது. இன்னிக்கு அந்தக் காலவிட மூணு செண்டிமீட்டர் கூட."

"டேப்பை லூசாப் புடிச்சிருப்பீங்க."

நாற்பது வருடத் தொழில்காரரிடம் சொல்லக் கூடாத வார்த்தை. ஆனால் அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்குத் திக்கென்றது. புறங்கையைக் காலில் வைத்துப் பார்த்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் போய்க் கீழே குரல் கொடுத்தார்.

"ராஜி! மேல வா!"

மூன்று நாளைக்குப் பிறகு மனைவியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. அக்கா வந்தார். காலைத் தொட்டார். முகம் மாறியது.

"சூடா இருக்கு. நீங்க லைட்டு காட்டுனீங்களா?"

"இல்ல. காட்டமாட்டேன். நீ ஜெல்லு போடறியா?"

"நானும் போடமாட்டேன்."

இரண்டு வருட வழக்கில் முதல் தடவையாக இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். நிற்பதற்கு வேறு நாள் கிடைக்கவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இது சதை வலி இல்ல பரமே," என்றார் அக்கா. "எங்க கடைக்கு இப்படி யாராச்சும் வந்தா மருந்து குடுக்க மாட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போன்னுதான் சொல்லுவோம்."

"திங்கக்கெழம வேன் எடுக்கணும்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வச்சிருவாங்க."

"தங்கச்சி," என்றார் வயர்மேன். "உண்மையச் சொல்லு. பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு."

"டேப்பு பொய் சொல்லாது."

அவ்வளவுதான். பதின்மூன்று நாளாகத் தேக்கி வைத்ததெல்லாம் வாய் வழியாக வந்துவிட்டது. என் காலை வைத்து இரண்டு பேரும் குடும்பச் சண்டை போடுகிறீர்கள், என் பிழைப்பு உங்களுக்கு வேடிக்கை, இனி இந்த வாசற்படி மிதிக்கக் கூடாது, எல்லாம் சொன்னேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன், அதை எழுதமாட்டேன். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

கால் சரியாக இருக்கிறது என்று எனக்கே நிரூபிக்க வேண்டியிருந்தது. அரை மணி நேரம் கழித்துச் சாவியை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து நான்கு மாடியும் இறங்கினேன். வேனில் ஏறினேன். கிளட்சை மிதித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. சாவியைத் திருகினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருகினேன். செத்த வண்டி.

நிமிர்ந்து பார்த்தால், எதிரே மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் வயர்மேன் நிற்கிறார்.

"பியூசு என்கிட்ட இருக்கு," என்றார்.

"குடுங்கண்ணே!"

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா. குடுக்கிறேன்."

"போலீஸைக் கூப்புடுவேன்!"

"கூப்புடு. அவங்க வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

கார் நிறுத்துமிடத்தில் நின்று நான் கத்திய கத்தலுக்கு ஐந்து மாடியிலும் சன்னல்கள் திறந்தன. திருடன் என்றேன். பைத்தியம் என்றேன். அவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், ஆனால் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. அக்கா டாக்சியைக் கூப்பிட்டிருந்தார். என்னை உள்ளே தள்ளி, இரண்டு பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். டிரைவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மலாய் டாக்டர் காலைப் பார்த்தார். மார்க்கர் கோட்டில் அவர் பார்வை நின்றது.

"இதை யார் போட்டது?" என்று மலாயில் கேட்டார்.

"வயர்மேன்," என்றேன்.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "அவர் எந்த ஆஸ்பத்திரி?"

அக்கா கையிலிருந்த நோட்டை நீட்டினார். டாக்டர் வாங்கி, பதின்மூன்று நாள் அளவையும் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். காலின் உள் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது என்றார்கள். அடிபட்டு அசையாமல் கிடந்தால் சிலருக்கு வருமாம். கட்டி அங்கேயே இருந்தால் காலோடு போகும்; பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அது நான் வேன் நிறையப் பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் போகும்போது நடந்திருக்கலாம். டாக்டர் அதைச் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

தாதி வந்து கூட வந்தவர் பெயரைக் கேட்டாள். வெளியே நாற்காலியில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார் மனிதர். ஒன்பது வருடமாக எனக்குக் கீழ் வீட்டில் இருப்பவர். பெயர் தெரியாமல் விழித்தேன். அக்காதான் சொன்னார்: முத்துக்கருப்பன்.

படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஊசி, மாத்திரை. சாமுவேல் அண்ணனுக்கு விஷயத்தைச் சொல்லும்படி என் கைப்பேசியை வயர்மேனிடம் கொடுத்தேன். அன்று நான் செய்த இன்னொரு முட்டாள்தனம் அது. சாமுவேல் அண்ணனோடு நிறுத்தாமல் பெற்றோர்களின் வாட்சாப் குழுவுக்கும் அனுப்பிவிட்டார். நீண்ட குரல் பதிவு. சாட்சிக்கு என் காலின் படம், கோட்டோடு. இருபத்து மூன்று குடும்பங்கள் என் கெண்டைக்காலைப் பார்த்தன. சாயங்காலம் கைப்பேசியைத் திறந்து பார்த்துவிட்டுப் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒருவர்கூட வேறு வேன் தேடப்போவதாக எழுதவில்லை. நான் வரும்வரை முறை வைத்துத் தாங்களே பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவதாகப் பேசி முடித்திருந்தார்கள். சாமுவேல் அண்ணன்கூட, "இன்னும் ஒரு வாரம் பாக்குறேன்லா," என்று போட்டிருந்தார்.

மறுநாள் வயர்மேன் கேக் தட்டோடு வார்டுக்கு வந்தார். எனக்கு இல்லையாம், பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு இடுப்பு வலி என்று நேற்றே விசாரித்து வைத்திருந்தாராம். தாதி அவரை வாசல்வரை துரத்திக்கொண்டு போனாள்.

இரத்த மாத்திரை சாப்பிடுகிறவரை டாக்டரைக் கேட்காமல் ஜெல் தொடக் கூடாது என்று அக்காவே சொல்லிவிட்டார். "அப்ப லைட்டு!" என்று வயர்மேன் எழுந்தார். அதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். சோதனை செல்லாது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு நடைப் பயிற்சி கொடுத்த பெண்ணிடம் மாதங்கள் கழித்து மூவருமாகப் போய்க் கேட்டோம்: தசைக்கு எது நல்லது, வெளிச்சமா ஜெல்லா? அவள் பொறுமையாகச் சொன்னாள். ஜெல் சில நாளைக்கு வலியைக் குறைக்கும், வெளிச்சமும் சிலருக்கு உதவலாம், ஆனால் கிழிந்த சதையைச் சேர்ப்பது நாளும் சரியான பயிற்சியும்தான்.

வெளியே வந்ததும் வயர்மேன், "கேட்டியா? வெளிச்சம் உதவும்னு சொல்லுச்சு," என்றார்.

"ஜெல்லுன்னுதான் மொதல்ல சொல்லுச்சு," என்றார் அக்கா.

நான் இருவரையும் விட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டேன்.

போன வருடம் அவர்கள் தெலுக் இந்தானில் இருக்கும் தங்கள் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். போன பிறகாவது நிம்மதி என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை எட்டு மணிக்கு வீடியோ அழைப்பு. வணக்கம் கிடையாது, சாப்பிட்டாயா கிடையாது. "கேமராவக் கீழ காட்டு." காட்ட வேண்டும். "அந்தக் காலயும் காட்டு." அதையும் காட்ட வேண்டும். பிறகு என் வீட்டு மின்விசிறிச் சத்தத்தில் என்ன கோளாறு என்று அரை மணி நேரம். வாரத்தில் எனக்கு நன்றாகத் தூங்கக் கிடைப்பது அந்த ஒரு காலைதான். அதையும் கெடுத்துவிட்டார்.

போன ஞாயிறு எட்டு மணிக்கு அழைப்பு வரவில்லை. எட்டே காலுக்கும் வரவில்லை. எட்டு இருபதுக்கு நானே கூப்பிட்டேன்.